நிறுத்தியும் நிற்காத பணிகள்

கைபேசியில் ஒரு செயலியைப் பார்த்து முடித்ததும் அதை விரலால் மேலே தள்ளி விடுகிறீர்கள். படம் மறைகிறது. செயலி நின்று விட்டது என்று நினைக்கிறீர்கள். ஆண்ட்ராய்டு கைபேசியில் இந்த நினைப்பு பெரும்பாலும் தவறானது. ஆனால் அந்தத் தவறுக்கு நீங்கள் பொறுப்பல்ல என்பது என் கருத்து.

என் மாணவர் ஒருவர், ஆய்வுக்கூடக் குறிப்பேட்டை எழுதும்படி நாளுக்கு ஒரு முறை நினைவூட்டும் செயலியை உருவாக்கினார். சில நாட்களில் அது ஒரே நாளில் ஒன்பது முறை மணி அடித்தது. "சார், உள்ளே இருக்கிற சுவிட்சை அணைச்சுட்டேன், அப்பவும் அடிக்குது" என்றார். செயலியைத் திறந்த ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பணி பதிவாகியிருந்தது. சுவிட்சோ திரையில் நிறம் மாறியதே தவிர, பதிவான பணிகளைத் தொடவேயில்லை.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்தறிய வேண்டும். செயலி நினைவகத்தில் ஓடுவது ஒன்று. 'இத்தனை மணிக்கு ஒரு முறை என்னை எழுப்பு' என்று அது இயக்க அமைப்பிடம் பதிந்து வைத்த கட்டளை வேறொன்று. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனாலும், பால்காரரிடம் வேண்டாமென்று சொல்லாத வரை வாசலில் பால் வந்துகொண்டுதானே இருக்கும்!

கூகுள் 2018-இல் அறிமுகப்படுத்திய 'ஒர்க்மானேஜர்' இக்கட்டளைகளை ஒரு தரவுத்தளத்தில் எழுதி வைக்கிறது. கைபேசியை அணைத்துப் போட்டாலும் அவை அழிவதில்லை. மீண்டும் மீண்டும் நடக்கும் பணிக்குக் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் செயலகமும் ரேடியோவும் பாட்டரியைச் செலவிடுவதால் இந்த வரம்பு. 2015-இல் வந்த 'டோஸ்' முறை, கைபேசி அசையாமல் கிடக்கும்போது பணிகளைத் தள்ளி வைத்து ஒருசேர முடிக்கிறது. நல்ல ஏற்பாடுகள்தாம்; பாராட்டுவோம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 2022-இல் வெளியான ஆண்ட்ராய்டு 13, பின்னணியில் ஓடும் சில செயலிகளைப் பட்டியலிட்டு, பக்கத்தில் 'நிறுத்து' என்ற பொத்தானையும் வைத்தது. அதை அழுத்தினால் செயலி நினைவகத்திலிருந்து போய்விடும். ஆனால் பதிந்து வைத்த பணிகளும் அலாரங்களும் அவற்றுக்குரிய நேரத்தில் நடக்கும் என்று கூகுளின் வழிகாட்டியே கூறுகிறது. அப்படியானால் 'நிறுத்து' என்பது எதை? 'விசை நீங்கியது, ஆகவே பொருள் நின்றது' என்று தேர்வில் எழுதும் மாணவருக்கு நான் மதிப்பெண் தருவதில்லை.

'கட்டாயமாக நிறுத்து' என்ற இன்னொரு பொத்தான் உண்மையாகவே நிறுத்துகிறது. ஆனால் அது வேண்டியது, வேண்டாதது எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்துகிறது. மேலும், செயலியை மறுபடி ஒரு முறை திறந்தால் போதும், ஒர்க்மானேஜர் தன் தரவுத்தளத்தைப் பார்த்துப் பழைய பணிகளை மீண்டும் பதிந்து விடுகிறது. சில நிறுவனங்களின் கைபேசிகளில் விரலால் தள்ளுவதே கட்டாய நிறுத்தம் போலாகி விடுவதும் உண்டு. அங்கே மாத்திரை நினைவூட்டும் செயலி ஓசையின்றி ஊமையாகி விடும். சர்க்கரை நோயாளிக்கு இது சிறிய விஷயமன்று.

ஒரு குறிப்பிட்ட பணியை மட்டும் நீக்கும் அதிகாரம் நிரல் எழுதியவரிடமே இருக்கிறது. பணியின் பெயரைக் கொண்டோ அடையாளச் சீட்டைக் கொண்டோ அவர் நீக்கலாம். அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் பணி பாதியில் வெட்டப்படுவதில்லை. 'நின்றுவிடு' என்று குறிப்பு மட்டும் போகிறது. நிரல் அதைக் கவனிக்காவிட்டால் பணி முடியும் வரை ஓடும். இதை நான் குறை சொல்ல மாட்டேன். கோப்பை எழுதும்போது இடையில் வெட்டினால் தரவு பாழாகும்.

நான் கேட்பது ஒரு பட்டியல். எந்தச் செயலி, என்ன பணி, எவ்வளவு இடைவெளி, கடைசியாக எப்போது நடந்தது, பக்கத்தில் ஒரு சுவிட்ச். மாத்திரை நினைவூட்டல் இருக்கட்டும், என் இருப்பிடத்தை அனுப்பும் பணி வேண்டாம் என்று சொல்ல எனக்கு வழி வேண்டும். ஐபோனில் செயலிவாரியாகப் பின்னணிப் புதுப்பித்தலை அணைக்கும் சுவிட்ச் 2013 முதல் உண்டு. அதுவும் பணிவாரியாகப் பிரிப்பதில்லை. ஆண்ட்ராய்டில் இந்த விவரங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கிறது. கைபேசியைக் கணினியுடன் இணைத்து ஒரு கட்டளை கொடுத்தால் பதிவான பணிகள் வரிசையாக வந்து விழும். அதைச் சாதாரண மனிதர் கண்ணில் படும்படி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மாணவர் தம் பணிக்கு ஒரு தனிப்பெயர் கொடுத்து, பழைய பதிவுகளை நீக்கி, சுவிட்சை அந்தப் பெயருடன் இணைத்தார். பதிவான பணிகளைக் காட்டும் சிறு பக்கம் ஒன்றையும் செயலிக்குள் வைத்தார். அதை எழுத அவருக்கு ஒரு மாலைப் பொழுது பிடித்தது.