ஒரே கட்டத்தில் ஓர் அடங்காத நாய்

மர்மடியூக் கன்றுக்குட்டி அளவுள்ள கிரேட் டேன் நாய். நினைப்பு மட்டும் மடியில் படுக்கும் குட்டி என்று. அமெரிக்கரான பிராட் ஆண்டர்சன் 1954இல் நாளிதழில் தொடங்கிய சித்திரம் இது. பெரும்பாலும் ஒரே கட்டம், கீழே ஒரு வரி. சோபாவை நாய் அடைத்துக்கொள்ளும், வீட்டுக்காரர் நிற்பார். ஆண்டுக்கணக்கில் இதே சிரிப்புத்தானா என்று கேலி செய்கிறவர்களை நான் மறுக்கமாட்டேன். ஆனால் ஆண்டர்சனின் கைத்திறனைப் பாருங்கள்: கயிற்றைப் பிடித்தவரின் இரண்டு கால்களும் தரையில் இருக்காது. நாயின் பலம் முழுக்க அதிலேயே வந்துவிடும்.

பேராக் தோட்டத்து லயத்தில் நாய்க்குச் சோபா ஏது? விடியுமுன் பெரட்டுக்குப் பின்னாலேயே ஓடிவரும். நிரைக்குள் புகுந்து மங்கைத் தட்டிவிட்டுப் பாலைக் கொட்டும். "அந்தச் சனியனக் கட்டிப்போட்டுட்டு வாடா!" என்று அம்மா கத்துவார். மத்தியானம் மீந்த சோற்றை முதலில் வைப்பதும் அவர்தான்.

இந்த மாதிரிக் குறும்பை வரைய நம் மாநிலத்திலேயே ஆள் பிறந்தார். 1951இல் பிறந்த லாட், ஈப்போ ஆண்டர்சன் பள்ளி மாணவர். 1979இல் வந்த அவருடைய 'கம்போங் பாய்' பேராக் கிராமத்துச் சிறுவனின் கதை. லயத்துக்கு அப்படியொரு சித்திரப் புத்தகம் வேண்டும். உங்கள் லயத்து நாய் நினைவிருந்தால், பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கட்டமாவது வரைந்து காட்டுங்கள்.