ஊர்க்காரர் சொல்கிறபடி: ஸ்காட்லாந்துப் பெயர்களின் ஒலியும் எழுத்தும்

ஊர்ப்பெயரை அந்த ஊர்க்காரர் சொல்கிறபடியே சொல்ல வேண்டும் என்பது பிபிசி நெடுங்காலமாகப் பின்பற்றும் நெறி. 1926இல் பேச்சு ஆங்கிலத்துக்கென அது ஓர் ஆலோசனைக் குழு அமைத்தது. அதன் செயலாளரான ஒலியியலாளர் ஆர்தர் லாயிட் ஜேம்ஸ் அறிவிப்பாளர்களுக்காகத் தொகுத்த கையேட்டு வரிசையில், 1932இல் வந்த மூன்றாவது பகுதி முழுக்க முழுக்க ஸ்காட்லாந்து இடப்பெயர்களுக்கானது. தேவை இருந்தது. கிளாஸ்கோவுக்கு வடக்கே, எழுத்துக்கூட்டினால் 'மில்ன்கேவி' என்று வரும் ஊர் வாய்ச்சொல்லில் 'மல்காய்'. தென்மேற்கில் 'கிர்க்குட்பிரைட்' என்று படிக்கத் தோன்றும் ஊர் 'கர்கூப்ரி'. 'ஸ்ட்ராத்தேவன்' என்பதை 'ஸ்ட்ரேவன்' என்பார்கள், 'ஹாவிக்' என்பதை 'ஹாய்க்' என்பார்கள். எழுத்தை மட்டும் நம்பிச் செய்தி வாசித்தால், தம் ஊரைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதே அங்குள்ளவர்களுக்குப் பிடிபடாமல் போகலாம்.

இந்த நெறியின் முதல் வலிமை மரியாதை. ஆனால் அதைவிடப் பெரிய வலிமை ஒன்று உண்டு. எழுத்து தொலைத்துவிட்டதைப் பேச்சு காப்பாற்றி வைத்திருக்கிறது. பழைய ஸ்காட்ஸ் மொழியில் 'யோக்' என்றோர் எழுத்து இருந்தது. 3 என்ற எண்ணின் வடிவம். யகரத்துக்கு நெருங்கிய ஒலி. அச்சு வந்தபோது அந்த எழுத்துக்கு வார்ப்பு கிடைக்கவில்லை. பார்வைக்கு ஏறத்தாழ ஒத்திருந்த 'இசட்' எழுத்தை அச்சுக்கோப்பவர்கள் அந்த இடத்தில் வைத்தார்கள். கண் ஏமாந்தது, நாக்கு ஏமாறவில்லை. அதனால்தான் 'மென்சீஸ்' என்று எழுதியதை 'மிங்கிஸ்' என்றும், 'டால்சீல்' என்று எழுதியதை 'டியெல்' என்றும், ஏர்ஷயர் கடற்கரையிலுள்ள 'கல்சீன்' கோட்டையைக் 'கலேன்' என்றும் இன்றும் சொல்கிறார்கள். 2006 முதல் 2007 வரை லிபரல் டெமாக்ரட் கட்சித் தலைவராக இருந்த மென்சீஸ் கேம்பல் எல்லோருக்கும் 'மிங்' ஆனது இப்படித்தான். யோக் எழுத்து இப்போது வழக்கில் இல்லை. ஒரு குடும்பப் பெயரைத் தலைமுறை தலைமுறையாக ஒரே மாதிரி உச்சரித்து வந்தவர்கள்தான் அது இருந்ததற்குச் சான்று.

அழுத்தத்திலும் இதே போன்ற ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் பழைய செல்டிக் மொழியை, அயர்லாந்து மொழியிலிருந்து பிரித்தறிய, அங்குள்ளவர்கள் 'காலிக்' என்கிறார்கள். 'கேலிக்' என்பது அயர்லாந்தின் மொழியைக் குறிப்பது. காலிக் பெயர்களில் பொதுச்சொல் முன்னால் வரும், சிறப்புச்சொல் பின்னால் வரும், அழுத்தம் பின்னதன் மேல் விழும். இன்வர்னஸ் என்பது நெஸ் ஆற்றின் முகத்துவாரம். அழுத்தம் 'நெஸ்' மேல். பழைய பிரித்தோனிய மொழியிலிருந்து வந்த அபர்டீனுக்கும் அதே விதி. ஆங்கிலச் சொல்லமைப்பில் உருவான ஹாய்க், எடின்பரோ போன்றவற்றில் முதல் அசை கனக்கிறது. ஆக, ஒருவர் எந்த அசையை அழுத்துகிறார் என்பதைக் கேட்டாலே அந்தப் பெயரை எந்த மொழிக்காரர் வைத்தார்கள் என்று ஊகிக்கலாம். இந்த ஒழுங்கை அறியாமல் எல்லாப் பெயரையும் முன்னால் அழுத்திப் பேசுவதுதான் என் கணக்கில் மிகப் பெரிய இழப்பு. மல்காயை மில்ன்கேவி ஆக்குவது அதற்கு முன் சிறு பிழை.

காலிக் மேல் சுமத்தப்படும் ஒரு பழியையும் இங்கே களைய வேண்டும். எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகாத மொழி அது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 18 எழுத்துகளில் இயங்கும் அதன் எழுத்துமுறை பெரும்பாலும் ஒழுங்கானது. 'பி'யுடன் 'எச்' சேர்ந்தால் வகரம். இது தெரிந்தால் ஐலா தீவின் விஸ்கி ஆலை 'புன்னஹாவென்' என்று ஏன் ஒலிக்கிறது என்பதில் மர்மம் ஏதுமில்லை. குழப்பம் பெரும்பாலும் வந்தது, காலிக் பெயர்களை ஆங்கிலக் காதால் கேட்டு ஆங்கில எழுத்தில் வரைபடத்தில் ஏற்றியபோது.

இங்கேதான் நெறியின் பலவீனமும் தொடங்குகிறது. ஊர்க்காரர் என்றால் யார்? 19ஆம் நூற்றாண்டில் அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் அளவையாளர்கள் ஒவ்வொரு பெயருக்கும் சான்றாளர்களைக் குறித்துவைத்தார்கள். நிலக்கிழார், பாதிரியார், பள்ளி ஆசிரியர் போன்றோரின் சொல்லுக்கே முன்னுரிமை. குன்றுகளில் ஆடு மேய்த்த குடியானவர் அந்தப் பெயரை நாள்தோறும் பயன்படுத்தியிருப்பார், ஆனால் அவர் சொல்லுக்கு எடை குறைவு. இன்று நாம் 'உள்ளூர் உச்சரிப்பு' என்று போற்றுகிற பலவும், ஒரு மொழி பின்வாங்கிய பிறகு மிஞ்சியிருந்தவர்களின் உச்சரிப்பு. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி காலிக் பேசத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ 69,700 பேர். நாட்டின் மக்கள்தொகையோ 54 லட்சம். உள்ளூர் நாக்கை இறுதித் தீர்ப்பாக வைத்தால், அதற்கு முன்னிருந்த உள்ளூர் நாக்கு வழக்காடவே வர முடியாது.

ஊர்க்காரர்களும் ஒரே குரலில் பேசுவதில்லை. ஃபைஃப் பகுதியில் 'கில்கான்கர்' என்று எழுத்தைப் பின்பற்றிச் சொல்வோரும் இருக்கிறார்கள், 'கின்யூஹர்' என்ற பழைய ஒலியைப் பிடித்திருப்போரும் இருக்கிறார்கள். இருவரும் அதே கிராமத்தவர். கிளாஸ்கோவுக்கு அருகிலுள்ள லென்சியில் யோக்கின் இடத்தில் வந்த இசட் வென்றுவிட்டது. ஊரே அப்படித்தான் சொல்கிறது. இதை இனிப் பிழை என்று எப்படிச் சொல்வது? வடகோடித் தீவுக்கூட்டத்தின் பழைய மாவட்டப் பெயர் 1975 வரை 'செட்லாண்ட்'. அதுவும் யோக் செய்த வேலைதான். மக்கள் ஷெட்லாண்ட் என்கிறார்கள், அஞ்சல் குறியீட்டில் மட்டும் இசட் நின்றுவிட்டது.

இன்னொரு கேடு இந்த நெறியைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. சொல்லிக்கொடுக்க வேண்டிய ஒலியைச் சோதனையாக மாற்றிவிடுகிறார்கள். புதிதாக வந்தவர் 'கிர்க்குட்பிரைட்' என்றதும் சிரிப்பு எழுகிறது. அந்த எழுத்துக்கோவையைப் பார்த்து 'கர்கூப்ரி' என்று யாராலும் ஊகிக்க முடியாது. வெட்கப்பட அவருக்கு எதுவுமில்லை. சிரித்தவர் கற்பிக்கும் வாய்ப்பை இழக்கிறார், வந்தவர் அந்தப் பெயரை இனி வாயில் எடுக்கவே தயங்குவார்.

ஏரியைக் குறிக்கும் ஸ்காட்லாந்துச் சொல்லின் கடைசி ஒலியை எடுத்துக்கொள்வோம். தொண்டையின் பின்புறம் உரசி வரும் அந்த ஒலியை ஆங்கிலேயர் வன்மையான ககரமாக்கி 'லாக்' என்பது நெடுநாள் குறை. ஆனால் கிளாஸ்கோவில் ஜேன் ஸ்டூவர்ட்-ஸ்மித்தும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் பதிவான பேச்சுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரை, அந்நகரத்துத் தொழிலாளர் வர்க்க இளைஞர்களிடமே இந்த ஒலி ககரமாகத் தேய்ந்து வருவதைக் காட்டியது. கிளாஸ்கோவிலேயே பிறந்து வளர்ந்த அந்தப் பிள்ளைகளிடம் ஊர்க்காரர் சொல்வதே சரி என்ற நெறிக்கு விடை இல்லை. அவர்கள் சொல்வது தவறு என்று தீர்ப்பளித்தால் நெறி முறிகிறது. சரி என்று விட்டால் ஒலி போகிறது. என் சாய்வு இரண்டாவது பக்கம். பிள்ளைகளைத் திருத்துவதால் ஒலி பிழைக்காது. காலிக்கும் ஸ்காட்ஸும் வகுப்பறையிலும் வானொலியிலும் நிறைய ஒலித்தால் பிழைக்கலாம். பெயர்ப்பலகையில் ஆங்கிலத்துடன் காலிக்கும் இருப்பது அதற்குச் சிறு உதவி.

தமிழில் எழுதும் நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. உயிர்களுக்கிடையே வரும் ககரத்தைப் பேச்சில் உரசி மென்மையாக்கும் பழக்கம் நம் வாய்க்கு உண்டு. ஆனால் சொல்லின் ஈற்றில் 'லாக்' என்று எழுதியதும் வன்மைதான் வருகிறது. இதற்கு ஆய்தம் பொருத்தமாக இருக்கும். ஆனால் பிறமொழிச் சொற்களில் அதைப் பெரும்பாலும் 'ஃப' என்ற ஒன்றுக்கே ஒதுக்கிவிட்டோம். எடின்பர்க் என்பதை எடின்பரோ என்று மாற்ற எந்தத் தடையும் இல்லை. அந்த நகரத்தார் எவரும் ஈற்றில் ககரம் சொல்வதில்லை. ஆனால் 'மெக்கன்சி சுவடிகள்' அப்படியே இருக்கட்டும். லூயிஸ் தீவின் ஸ்டோர்னொவேயில் பிறந்து, இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராகி, சென்னை கீழ்த்திசைச் சுவடி நூலகத்துக்குப் பெருஞ்செல்வம் விட்டுச்சென்ற காலின் மெக்கன்சியின் பெயரில் இருப்பதும் யோக்கின் இடத்தில் அமர்ந்த இசட்தான். பழைய ஒலி 'மக்கிங்கி'. அதை இன்று அந்தக் குலத்தவரே சொல்வதில்லை.