வண்ணம் என்னும் உரை

ஹார்லெம் நகரின் பழம்பொருள் கடையொன்றில், 17ஆம் நூற்றாண்டு டச்சுக் கடற்படைத் தளபதி மிகீல் டி ருய்ட்டரின் கைவண்ணமிட்ட அச்சுப்படத்தைப் பார்த்தேன். பெர்டினான்ட் பொல் 1667இல் தீட்டிய ஓவியத்தைத் தழுவியது. கையில் தளபதிக்கோல், அருகே பூகோள உருண்டை, பின்னணியில் கப்பல்கள். அதே ஆண்டு ஜூனில்தான் அவருடைய கடற்படை மெட்வே ஆற்றுக்குள் புகுந்து, ‘ராயல் சார்லஸ்’ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலை இழுத்துவந்தது.

செப்புத்தகட்டில் செதுக்குபவர் தருவது கோடுகளை மட்டுமே. வண்ணம் பிறகு தூரிகையால் சேர்வது. அச்சான காலத்திலேயே இட்டதும் உண்டு. நல்ல விலைக்கு விற்க நெடுங்காலம் கழித்து இட்டதும் உண்டு. செம்பிலிருந்து எடுத்த பழைய பச்சை காலப்போக்கில் தாளை அரித்துப் பின்புறத்தில் பழுப்பாகக் கசியும். தாளைத் திருப்பிப் பார்த்தேன். கறையே இல்லை. இந்த வண்ணம் பிந்தியது என்றே எண்ணுகிறேன்.

நம் மரபில் சொன்னால், கோடு மூலம், வண்ணம் உரை. உரைகாரர் சிலவற்றை விளக்குவார், சிலவற்றை மறைத்தும்விடுவார். இந்த உரைகாரர் தளபதியின் கன்னங்களைச் சிவக்கவைத்து, கோலுக்குப் பொன்பூசி, அன்பான தாத்தா ஒருவரை ஆக்கித் தந்திருக்கிறார். பூகோளத்தின் மேலோ ஒரே பூச்சாகப் பச்சை. செதுக்கியவர் பொறுமையாக வரைந்த கடற்கரைகள் அதற்கடியில் மங்கிவிட்டன.

அந்தக் கரைகளுக்கும் இவருக்கும் தொடர்பு உண்டு. 1664–65இல் மேற்காப்பிரிக்காவுக்குச் சென்று, கோரே தீவையும் இன்றைய கானாவின் கரையிலிருந்த கோட்டைகளையும் ஆங்கிலேயரிடமிருந்து மீட்டுக் கொடுத்தவர் இவர். டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் அடிமை வணிகம் அத்தகைய கோட்டைகள் வழியாகத்தான் நடந்தது. இதே மனிதர்தான் 1676 பிப்ரவரியில் நேப்பிள்ஸில், துடுப்புக் கப்பல்களில் அடிமைகளாகக் கிடந்த 26 ஹங்கேரியப் புராட்டஸ்டன்ட் போதகர்களை விடுவித்தார். இரண்டு மாதம் கழித்துப் போர்க்காயத்தால் இறந்தார். தன் மதத்தாரின் விலங்கு அவர் கண்ணில் பட்டது. மற்றவர் விலங்கு படவில்லை.

நான் குடியேறிய நாட்டின் நாயகர் இவர். வேலையும் குடியுரிமையும் தந்த நாடு என்ற நன்றியில் இவரை வண்ணத்தோடே ஏற்றுக்கொள்வது எளிது. காலனியவாதி என்ற ஒரு சொல்லில் கடந்துபோவதும் எளிது. இரண்டுமே தாளைத் திருப்பிப் பார்க்காத வாசிப்புகள். இரண்டாவதும் ஒரு பூச்சுதான், நிறம் மட்டும் வேறு. அந்த 26 பேரை அது மூடிவிடும்.

வண்ணமிடாத பிரதி ஒன்றும் கடையில் இருந்தது, விலை குறைவாக. அதைத்தான் வாங்கினேன். முகம் சற்றுக் கடுமையாகத் தெரிகிறது. கடற்கரைகளும் தெரிகின்றன.