ஒட்டுவதும் புகுவதும்

2021 மே தொடக்கத்தில், சாணக்யபுரியில் உள்ள நியூசிலாந்து தூதரகமே ட்விட்டரில் ஆக்சிஜன் சிலிண்டர் கேட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான், ஜனவரியில் டெல்லியில் எடுத்த ரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பில் 56 சதவீதம் பேருக்குக் கொரோனா ஆன்டிபாடி இருப்பதாகத் தெரிந்து, கண்டம் தாண்டிவிட்டோம் என்று பலரும் நிம்மதியாக இருந்தார்கள். பாதிக்குமேல் பேருக்கு ஆன்டிபாடி இருந்த நகரம் ஏன் மூச்சுத் திணறியது? கூட்டங்களையும் அலட்சியத்தையும் குறை சொல்வதில் தவறில்லை. ஆனால் வைரஸின் மேற்புரதத்துக்கும் அதில் பெரும்பங்கு உண்டு.

ஸ்பைக் எனப்படும் இந்த மேற்புரதத்துக்கு வேலை இரண்டு. முதலில் அதன் நுனி நம் செல்லின் மேலுள்ள ஏசிஇ2 ஏற்பியைப் பற்றுகிறது. பிறகு நம் உடம்பின் நொதிகளே அதை வெட்டிக்கொடுக்க, மடங்கிக் கிடந்த அடிப்பகுதி சுருள்வில் போல விரிந்து வைரஸின் சவ்வையும் செல்லின் சவ்வையும் இழுத்து ஒன்றாக்குகிறது. ஒட்டினால் மட்டும் தொற்று வராது, சவ்வுகள் இணையவேண்டும். டெல்லியில் அப்போது பரவிய டெல்டா திரிபு இந்த இரண்டிலும் கைவைத்தது. 452, 478 ஆகிய இடங்களில் வந்த மாற்றங்கள் நுனியில் இருந்தன. 681-ஆம் இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் போய் ஆர்ஜினின் வந்தது வெட்டுமிடத்தை ஒட்டி. அதனால் வெட்டு எளிதானது, இணைவு விரைந்தது. ஆய்வகத்தில் தொற்றிய செல்கள் பக்கத்துச் செல்களோடு கலந்து பெருஞ்செல்களாயின.

நோயைத் தடுக்க நாமோ நுனியையே பெரிதும் நம்பினோம். அதற்கு நியாயமும் இருந்தது. வைரஸை முடக்கும் ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை நுனியில்தான் பிடிக்கின்றன. அது சிறிய புரதம், ஈஸ்ட்டிலேயே வளர்த்துவிடலாம். ஐதராபாத்தின் பயாலஜிக்கல் இ நிறுவனத்தின் கோர்பிவாக்ஸ் அப்படித்தான் உருவாகி, 2022 மார்ச்சில் 12 வயதுப் பிள்ளைகளுக்கும் போடப்பட்டது. எளிய தொழில்நுட்பத்தில் இவ்வளவு செய்ததைக் குறைத்து மதிப்பிட முடியாது. சிக்கல், வைரஸ் அதிகம் மாறுவதும் அதே நுனியில்தான் என்பது. 2021 இறுதியில் வந்த ஒமிக்ரான், ஸ்பைக்கில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்களோடு வந்தது. ஏறக்குறைய பாதி நுனியில் இருந்தன. இணைவை நடத்தும் அடிப்பகுதி அவ்வளவாக மாறவில்லை. அப்படியானால் அடிப்பகுதியைக் குறிவைக்கலாமே என்று தோன்றும். அங்கே பிடிக்கும் ஆன்டிபாடிகள் பல திரிபுகளையும் அடையாளம் காணும், ஆனால் வலு குறைவு.

புரதத்தின் வடிவம் இன்னொரு விஷயம். விரிந்துவிட்ட வில்லைக் காட்டிப் பயிற்சி கொடுத்தால், உடல் தவறான உருவத்தைப் படித்துக்கொள்ளும். 1960-களில் அமெரிக்காவில் ஆர்எஸ்வி வைரஸுக்கு ஃபார்மலினில் செயலிழக்கச் செய்த தடுப்பூசி போட்ட குழந்தைகளுக்கு நோய் கடுமையாகி, இருவர் இறந்தனர். காரணங்களில் இதுவும் ஒன்று. ஆய்வாளர்கள் மெக்லெல்லனும் கிரகாமும் 2013-இல் ஆர்எஸ்வி புரதத்தின் விரியாத வடிவத்தைக் கண்டார்கள். பிறகு கொரோனா ஸ்பைக்கில் 986, 987-ஆம் இடங்களில் புரோலின் செருகி அதை விரியாமல் நிறுத்தும் வழி வந்தது. ஏன் புரோலின்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் குழு 1963-இல் வெளியிட்ட வரைபடத்தைப் பார்த்தால் புரியும். புரதத் தொடர் எந்தக் கோணங்களில் வளையலாம் என்பதற்கான வரைபடம் அது. வளையத்தில் மாட்டிய புரோலினுக்கு அதில் இடம் மிகக் குறைவு, அதனால் வில் நீள முடியாது. (ராமச்சந்திரனைப் பெருமை பேசுவதோடு நிறுத்திக்கொள்ளும் நாம், இதையும் பள்ளியில் சொல்லித்தரலாம்.)

ஃபைசர், மாடர்னா ஊசிகளில் இந்தப் புரோலின்கள் உண்டு. கோவிஷீல்டில் இல்லை. ஆனாலும் அது உயிர்களைக் காத்தது. செல்லின் மேல் அது உருவாக்கிய ஸ்பைக்குகள் பெரும்பாலும் விரியாமலேயே நின்றதை நுண்ணோக்கி காட்டியது. கோவாக்சின் முழு வைரஸைச் செயலிழக்கச் செய்த ஊசி. எல்லாப் புரதமும் இருப்பதால் பாதுகாப்பு அகலமானது என்று வாதிட்டார்கள். ஆனால் வைரஸுக்கு உள்ளே இருக்கும் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி நுழைவைத் தடுக்காது. தொற்றிய செல்களை அழிக்கும் டி-செல்கள் அளவில் மட்டும் அந்த வாதத்துக்கு இடமுண்டு. மூன்றாம் கட்டச் சோதனையில் அதன் செயல்திறன் 77.8 சதவீதம், டெல்டாவுக்கு எதிராக 65.2. நல்ல எண்கள்தான். ஆனால் அவை வருமுன், 2021 ஜனவரி 3 அன்றே அனுமதி தரப்பட்டது சரியில்லை.

புரோலின் செருகிய ஸ்பைக்கை மூக்கின் வழியே கொடுக்கும் பாரத் பயோடெக்கின் இன்கோவாக் 2022 செப்டம்பரில்தான் அனுமதி பெற்றது. அதற்குள் டெல்டா போய், ஒமிக்ரானும் பல கிளைகளாகப் பிரிந்திருந்தது.