ஈயம், பித்தளை, மிட்-செஞ்சுரி

இன்ஸ்டாகிராமில் வரும் தமிழ் 'விண்டேஜ் ஹோம்' வீடியோக்களில் கடந்த இரண்டு வருடங்களில் நூறாவது பார்த்திருப்பேன். எல்லாம் ஒரே வீடுதான். வெள்ளைச் சுவர், சிவப்பு ஆக்ஸைடு தரை, தேக்கும் பிரம்பும் சேர்ந்த ஒரு நாற்காலி, பித்தளை உருளியில் மிதக்கும் செவ்வந்தி, பாடாத மர்ஃபி ரேடியோ, பால்கனியில் மணிபிளாண்ட் தொட்டியைச் சுமக்கும் ஆட்டுக்கல். பின்னணியில் எண்பதுகளின் இளையராஜா. கீழே விலை போட்டிருப்பார்கள், அல்லது 'த்ரிஃப்ட் பண்ணது' என்று பெருமையாக ஒரு வரி.

அவரவர் ரசனை, விட்டுத் தள்ளு என்பார்கள். ஒரு கவிதைத் தொகுப்பை அப்படி விட்டுவிடுகிறோமா? வரவேற்பறையும் ஒருவர் யோசித்து, தேர்ந்தெடுத்து, வெட்டி ஒட்டி அடுக்கிய பிரதிதான். அதில் எது இருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்று கேட்பதில் தப்பில்லை.

முதலில் சொல். 'த்ரிஃப்டிங்' புதுசாக இறங்கிய சரக்கு மாதிரி பேசுகிறோம். நம்மிடம் காயலான் கடை என்ற சொல் எத்தனையோ காலமாக இருக்கிறது. காயல்பட்டினத்து வியாபாரிகளிடமிருந்து வந்த பெயர் என்பார்கள். சென்னையில் 1900இல் திறந்த மூர் மார்க்கெட், 1985 மே 30 அன்று எரிந்துபோகும்வரை பழைய புத்தகத்திலிருந்து கிராமபோன் வரை விற்றது. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தை இன்றும் கூடுகிறது. கோடைக்கானலில் கோர்சாக் என்ற தன்னார்வ அமைப்பு பழைய துணியையும் புத்தகத்தையும் விற்று, வந்த காசை எளியவர்களுக்குச் செலவிட்டது. இந்த இடங்களுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் போனது புதுசு வாங்க முடியாததால். தேவைக்குப் போகிற கடைக்கு ஒரு பெயர், ஆசைக்குப் போகிற கடைக்கு இன்னொரு பெயர் வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான். 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று தெருவில் குரல் வந்த காலத்தில் பொருளுக்கு மதிப்பு எடையில் இருந்தது. இப்போது தோற்றத்தில் இருக்கிறது. இரண்டிலும் அதைப் புழங்கிய ஆளுக்குக் கணக்கில் இடமில்லை.

அடுத்தது 'மிட்-செஞ்சுரி'. காரா கிரீன்பெர்க் 1984இல் ஐம்பதுகளின் மேஜை நாற்காலிகளைப் பற்றி எழுதிய புத்தகத்தின் தலைப்பால் பரவிய சொல் 'மிட்-செஞ்சுரி மாடர்ன்'. அமெரிக்க, ஸ்காண்டிநேவிய வீடுகளுக்கான பெயர். போரெல்லாம் முடிந்து, புது வீடு கட்டி, பாரம்பரிய அலங்காரத்தைக் களைந்துவிட்டு லேசாக வாழலாம் என்ற நம்பிக்கை அந்த ஒல்லிக் கால்களில் இருந்தது. சரி, அதே வருடங்களில் ஒரு தமிழ் வீட்டுக்குள் நுழைந்த நவீனம் எது? எவர்சில்வர். பிறகு இரும்பு பீரோ, மடக்கு நாற்காலி. துருப்பிடிக்காது, களிம்பேறாது, ஈயம் பூச வேண்டாம், புளி போட்டு விளக்க வேண்டாம். நம் வீடுகளின் உண்மையான மிட்-செஞ்சுரி மாடர்ன் எவர்சில்வர் தூக்குவாளிதான் என்று நான் வாதாடத் தயார். ஆனால் அதை யாரும் த்ரிஃப்ட் செய்வதில்லை. அது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, போட்டோவில் கண்ணாடி மாதிரி மொபைலைப் பிரதிபலித்துத் தொலைக்கிறது. ஆக இந்த வீடியோக்கள் காட்டும் 'அந்தக் காலம்', அந்தக் காலத்து மனிதர்கள் காசு கொடுத்துத் தப்பித்து ஓடிவந்த காலம்.

பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்தில் என் பெரியம்மா வீடு. பரணைக் காலி செய்தபோது ஒரு பித்தளை அண்டாவும் இரண்டு குடமும் தேக்சாவும் இறங்கின. அண்ணன் தராசோடு வந்த ஆளிடம் பேசிக்கொண்டிருந்தான். நான் இடையில் புகுந்து, "பெரியம்மா, இதையெல்லாம் இப்ப மெட்ராஸ்ல அஞ்சு மடங்கு விலைக்கு வாங்கறாங்க, வெச்சிருங்க" என்றேன்.

"எதுக்கு கண்ணு?"

"அழகுக்குத்தான்."

"அழகா?" என்று உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து புளியும் சாம்பலும் போட்டு வெளக்குனது இது. அழகுன்னு சொல்றவங்க ஒரு நாளு வெளக்கட்டும். கொண்டுட்டுப் போகட்டும் சாமி."

அவருக்கு அதில் துளி ஏக்கமில்லை. ஏக்கம் எனக்கு இருந்தது, விளக்காத எனக்கு. பால்கனி ஆட்டுக்கல்லும் இப்படித்தான். கிரைண்டர் வந்த அன்று அதைப் புழக்கடைக்குத் தள்ளியவர்கள் ரசனை கெட்டவர்கள் இல்லை, தோள்பட்டை வலித்தவர்கள். ஒரு உழைப்புக் கருவி அலங்காரமாக வேண்டுமென்றால் அந்த உழைப்பு வேறு யாருடையதாகவோ இருந்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் உருக்கிவிடலாமா என்றால், இல்லை. அதே பாலசமுத்திரத்துக்கு அருகே மலையடிவாரத்தில் பொருந்தல் இருக்கிறது. 2009, 2010இல் பேராசிரியர் கா. ராஜன் அங்கே அகழாய்வு செய்தார். ஈமக்குழி ஒன்றில் நெல் நிரப்பிய பானை கிடைத்தது. அந்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று கணித்தார்கள். கூடவே ஒரு பிரிமனை, பானை உருளாமல் இருக்க அடியில் வைக்கும் வளையம். அதில் 'வயிர' என்று தமிழ் பிராமியில் எழுதியிருக்கிறது. அதன் காலம் பற்றி அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை நடக்கிறது. எனக்கு இங்கே முக்கியமானது வேறு. சண்டை போடவாவது முடிகிறதே! எந்தக் குழி, எந்த ஆழம், பக்கத்தில் என்ன என்று எழுதி வைத்ததால்தான் அது முடிகிறது. அதே பிரிமனை ஒரு ஷோரூம் அலமாரிக்கு வந்திருந்தால் 'ரஸ்டிக் பாட் ஸ்டாண்ட்' ஆகியிருக்கும்.

நான் பிழைப்புக்குக் கோடு எழுதுகிறவன். எங்கள் தொழிலில் ஒவ்வொரு வரிக்கும் யார், எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்ற வரலாறு கூடவே வரும். அது இல்லாத பழைய கோடைத் தொட எங்களுக்குப் பயம். பழம்பொருள் சந்தை நேரெதிர். வரலாற்றை அழித்த பிறகுதான் அங்கே விலை ஏறுகிறது.

இதற்குப் பெரிய உதாரணம் சண்டிகர். லெ கொர்பூசியேவின் உறவினர் பியர் ஜான்ரே அந்த நகரத்தின் அலுவலகங்களுக்காக ஐம்பதுகளில் வடிவமைத்த தேக்கு–பிரம்பு நாற்காலி, நம் இன்ஸ்டாகிராம் வீட்டில் நகலாக நிற்பது அதுதான். செய்தவர்கள் உள்ளூர்த் தச்சர்கள். குமாஸ்தாக்கள் உட்கார்ந்து தேய்த்தார்கள். பிரம்பு கிழிந்ததும் மொட்டை மாடியில் குவித்து, கழிவு என்று ஏலம் விட்டார்கள். வெளிநாட்டு வியாபாரிகள் வாங்கிப் போய்ப் பாலிஷ் போட்டார்கள். பாரிஸ், லண்டன், நியூயார்க் ஏலங்களில் லட்சங்களுக்குப் போக ஆரம்பித்த பிறகு, 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் இவற்றை விற்கக் கூடாது என்றது. ஆனால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு வயதான பொருளைத்தான் காக்கும். மிட்-செஞ்சுரிக்கு இன்னும் வயது வரவில்லை. பழசு என்று விற்கலாம், பழசு என்று தடுக்க முடியாது. சந்தைக்கு இதைவிட வசதியான வயது கிடையாது.

ஏமி சீகல் என்ற அமெரிக்கக் கலைஞர் இதை 'ப்ராவனன்ஸ்' என்று 2013இல் படமாக எடுத்தார். பணக்கார வீடுகளில் ஆரம்பித்து, ஏலக்கூடம், பழுதுபார்க்கும் பட்டறை, கப்பல் என்று பின்னோக்கிப் போய் சண்டிகரில் முடியும். வர்ணனை கிடையாது. பிறகு அந்தப் படத்தையே கிறிஸ்டீஸில் ஏலம் விட்டார். புத்திசாலித்தனம்தான். ஆனாலும் எனக்கு ஒரு குறை. பின்னோக்கிய பயணம் அலுவலகத்தோடு நின்றுவிடுகிறது. ரம்பத்தூளும் வாடிப்போன பிரம்பும் உள்ள தச்சன் பட்டறைக்கு அது போவதில்லை. தச்சர் பெயர் கிடைக்காது என்று ஒருவர் சொல்லலாம். கிடைக்காததையும் ஒரு படம் காட்டலாமே.

நம் ஊர் சண்டிகர் காரைக்குடி. முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். பர்மாத் தேக்குத் தூண், நிலை, பெல்ஜியம் கண்ணாடி, ஸ்வீடன் எனாமல் பாத்திரம். நகரத்தார் பர்மாவில் சம்பாதித்துக் கட்டிய வீடுகள். 1942இல் ஜப்பான் படை வந்தது, அறுபதுகளில் நெ வின் அரசு எல்லாவற்றையும் தேசியமயமாக்கியது. வருமானம் நின்றது, வீடு நின்றது, பங்காளிகள் பெருகினார்கள். ஐம்பது பேருக்குப் பங்குள்ள வீட்டில் ஓடு மாற்ற யார் காசு போடுவது? பிரித்து விற்பது எளிது.

அங்கே ஒரு கடையில் கொண்டிப்பெட்டி மாதிரி ஒன்றைக் காட்டி, இது எந்த ஊர், எந்த வீடு என்று கேட்டேன். "ஊர் வேணா சொல்றேன் சார். வீட்டுப் பேரு சொல்றதில்ல" என்றார் கடைக்காரர். தொழில் ரகசியம் என்று நினைத்தேன். அவரே சொன்னார்: "குடுத்தவங்க இன்னும் அங்கதான இருக்காங்க. விசேஷத்துல நாலு பேரைப் பாக்கணுமில்ல?"

வரலாற்றை அழிப்பது சந்தை மட்டும் என்று நான் கட்டி வைத்திருந்த வாதத்தில் இது ஒரு முடிச்சு. விற்றவரின் மானத்துக்காகவும் அது அழிக்கப்படுகிறது. அந்த மௌனத்தை மதிக்காமல் 'இந்தப் பெட்டியின் கதை' என்று ரீல் போடுவது இன்னொரு வகைச் சுரண்டல். நான் கேட்பது வீட்டுப் பெயரை அல்ல, இது ஒரு வீழ்ச்சியிலிருந்து வந்தது என்ற ஞாபகத்தை.

அந்த ஞாபகத்தைத் தமிழில் மிகக் கறாராக எழுதியவர் தோப்பில் முஹம்மது மீரான். 1997இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற 'சாய்வு நாற்காலி'யைப் பழம்பொருள் வாங்கும் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். முஸ்தபாக்கண்ணு தன் வம்சப் பெருமையோடு சாய்வு நாற்காலியில் கிடக்கிறார். நாக்கு ருசிக்கு வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போகின்றன. அந்த வீட்டில் பெண்களை அடிக்க ஒரு பிரம்பும் இருக்கிறது. மீரான் பொருள்களை வெறுக்கவில்லை, மரத்தின் வேலைப்பாடு அவருக்குத் தெரியும். ஆனால் அந்த நாற்காலியில் யார் சாய்ந்தார், யார் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார் என்பதைப் பிரித்துப் பார்க்க அவர் நம்மை விடுவதில்லை. இன்ஸ்டாகிராம் வீட்டில் அந்த நாற்காலி எப்போதும் காலியாக இருப்பது தற்செயல் இல்லை என்று நாவலைத் திரும்பப் படித்தபோது தோன்றியது. ஆள் உட்கார்ந்தால் கதை வந்துவிடும்.

கடைசியாக ஒன்று, எங்கள் மாவட்டத்து விஷயம். திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு இப்போது சுவர் அலங்காரமாகிவிட்டது. பழைய பூட்டு, துரு அதிகமென்றால் விலை அதிகம். அதே திண்டுக்கல்லில் கையால் பூட்டு செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அலிகார் மிஷின் பூட்டின் விலையோடு அவர்களால் மோத முடியவில்லை, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். துருப்பிடித்த பூட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர் பட்டறையில் புதுப் பூட்டு ஒன்று வாங்கிக் கதவில் போடலாம். போனமுறை ஊருக்குப் போனபோது நான் ஒன்று வாங்கினேன். பெங்களூர் ஃபிளாட்டின் தாழ்ப்பாளுக்கு அதன் வளையம் கொஞ்சம் தடிமன். தாழ்ப்பாளைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.