ஒளியின் சிறப்பு வேகம்தானா?

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளைவில் எதிரே பஸ் வந்தால் நம் வண்டி ஒதுங்கித்தான் ஆகவேண்டும். ஆனால் இரவில் மேலே நின்று சமவெளியைப் பாருங்கள். எண்ணற்ற விளக்குகளின் ஒளி குறுக்கும் நெடுக்குமாக வருகிறது. ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை.

இக்காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு, ஹாலோகிராபியால் கணிப்பொறிகளை இணைக்கும் யோசனையை ஆராய்வோம்.

ஒரு பெருங்கணக்கைப் பல செயலிகள் பங்கிட்டுச் செய்வது இணைக் கணிப்பொறி. 64 செயலிகளில் ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் நேரே இணைக்க 2016 இணைப்புகள் வேண்டும்! புனேயின் சி-டாக் நிறுவனம் 1991-இல் அளித்த பரம் 8000 கணிப்பொறியில் டிரான்ஸ்பியூட்டர் ஒவ்வொன்றுக்கும் நான்கே இணைப்புகள். தொலைவிலுள்ள செயலிக்குச் செய்தி கைமாறித்தான் போயிற்று.

கம்பிக்குப் பதிலாக ஒளியைப் பயன்படுத்தலாம் என்று 1984-இல் குட்மன், அதாலே முதலிய நால்வர் விரிவாக எழுதினர். ஹாலோகிராம் என்பது ஒளியலைகளின் குறுக்கீட்டுக் கோலம் பதிந்த தகடு. அதில் படும் லேசர் கதிர் பிரிந்து, குறித்த இடங்களில் போய் விழும்.

“ஒளி வேகமானது, ஆகவே கணிப்பொறியும் வேகமாகும்” என்று பலர் விளக்குவர். இவ்விளக்கம் போதாது. கண்ணாடி இழையில் ஒளியின் வேகம் வெற்றிடத்தில் உள்ளதைப்போல் மூன்றில் இரண்டு பங்குதான். நல்ல செம்புக் கம்பியில் மின்குறியும் ஏறக்குறைய அவ்வேகத்தில் செல்லும். கதிர்கள் மோதாமல் கடப்பதும், நீண்ட தூரத்தில் செய்தி மங்காதிருப்பதுமே ஒளியின் உண்மையான ஆதாயங்கள்.

குறைகளும் உண்டு. சிலிக்கன் எளிதில் ஒளி உமிழாது. லேசரைத் தனியே பொருத்தவேண்டும். வெப்பத்தால் அலைநீளம் சிறிது மாறினாலும் கதிர் இலக்குத் தவறும். ஹாலோகிராம் இணைப்புகள் ஆய்வுக்கூடத்தைத் தாண்டிப் பரவாததற்கு இவை முக்கிய காரணங்கள்.

ஆனால் யோசனை வீணாகவில்லை. கூகுள் நிறுவனம் 2023-இல் விவரித்த கணிப்பொறியில் 4096 சில்லுகள். ஓர் அடுக்கிலுள்ள 64 சில்லுகளைச் செம்புக் கம்பி இணைக்கிறது. அடுக்குகளுக்கிடையே கண்ணாடி இழையும் நுண்ணிய ஆடிகளும் ஒளியைத் திருப்பிவிடுகின்றன. அருகே கம்பி, தொலைவில் ஒளி!

மாணவ நண்பர்களே, புதுமை எதைக் கேட்டாலும் ‘வேகம்’ என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடாதீர்கள். எந்த வேலைக்கு, எவ்வளவு தூரத்துக்கு என்று கேளுங்கள். விஞ்ஞானம் அக்கேள்வியில்தான் தொடங்குகிறது.