சுரங்கம் வெட்டுவோரின் நிதானம்

அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், ஜன்னலோரம் வைத்தால்தான் சிக்னல் பிடிக்கும் ரவுட்டரோடு லயத்துக் காம்பராவில் அமர்ந்து கொழும்புக் கம்பெனிக்கு வேலை செய்கிற இளைஞனுக்கு, தன் கணினியை வெளியிலிருந்து எவரும் எட்ட முடியாதென்பதே முதற் சங்கடம். கைத்தொலைபேசிக் கம்பெனிகள் பெரும்பாலும் பல வாடிக்கையாளருக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்தளிப்பதால், அவன் வாசலுக்கென்று தனி விலாசம் கிடையாது. அவன் செய்வதெல்லாம், கறுப்புத் திரையில் எஸ்.எஸ்.எச். என்னும் கருவியின் பெயரைத் தட்டி, ஒரு சிறு இடைக்கோட்டையும் ஆங்கிலத்து 'ஆர்' எழுத்தையும் சேர்த்து, தூரத்துச் சேர்வரின் போர்ட் இலக்கத்தையும் தன் போர்ட் இலக்கத்தையும் கொடுப்பதுதான். உள்ளிருந்து புறப்பட்ட இணைப்பின் வழியாகவே வெளியார் உள்ளே வந்து சேர்கிறார்கள். அட்டனருகே உள்ள சிங்கமலைச் சுரங்கத்தின் அரைக் கிலோமீட்டர் இருளில் ரயில் ஓடுகையில், மலைமேல் நடப்பவனுக்குப் பெட்டிக்குள் இருப்பவர் இன்னாரென்று தெரியாததுபோல, இடையில் ஒட்டுக்கேட்பவனுக்கும் உள்ளே போவது இன்னதென்று தெரியாது.

ஹெல்சிங்கியில் ஒரு பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவு போனதைக் கண்டு, 1995இல் தாத்து உலோனென் இயற்றியது இந்தக் கருவி. அதன் சுதந்திரப் பிரதியான ஓப்பன்எஸ்எஸ்எச், 1999 டிசம்பரில் ஓப்பன்பிஎஸ்டி 2.6 உடன் வெளிவந்தது. கருவியின் சாமர்த்தியத்தைப் பலரும் புகழ்ந்தாயிற்று. என் ரசனை, அதன் புதிய பதிப்பை வெளியிடும் விதத்தில்தான் லயிக்கிறது.

புதுமைகளைப் பாடுவதற்கு முன்பாகவே, பழைய ஏற்பாடுகளில் எவை முறியக்கூடும் என்பதை ஓப்பன்எஸ்எஸ்எச் ஆக்குநர்களுடைய அறிவிப்பு சொல்லிவிடும். எஸ்எச்ஏ-1 என்னும் பழைய முறையை ஐம்பதாயிரம் டாலருக்கும் குறைந்த செலவில் தகர்க்கலாமென்று 2020 பிப்ரவரியிலேயே எச்சரித்து, அதைச் சார்ந்த ஆர்எஸ்ஏ கையொப்பத்தை 2021 செப்டம்பரில்தான், அதுவும் இயல்புநிலையில் மட்டும், நிறுத்தினார்கள். வேண்டுவோர் ஓரிரு வரி எழுதித் திரும்பப் பெறலாம். டிஎஸ்ஏ சாவிகளுக்கோ இன்னும் நீண்ட விடைகொடுப்பு: 2015இல் ஓரங்கட்டி, 2024 ஜனவரியில் நாள் குறித்து, 2025 ஏப்ரலில் 10.0 பதிப்பில் வேரோடு களைந்தார்கள். எங்கோ ஓர் அலுமாரிக்குள் பத்து வருஷமாக எவரும் தொடாத ஸ்விட்ச் ஒன்று, பழைய சாவியை மட்டுமே அறிந்து, தன் கடமையைச் செய்துகொண்டிருக்கும் என்பதை நினைவில் வைத்தவர்களின் விவேகம் இது. போன மாதம் வந்த வசதியை இந்த மாதம் பிடுங்கிக்கொள்கிற கைத்தொலைபேசிச் செயலிகளோடு மல்லாடுகிற நமக்கு, இத்தகைய மரியாதை அபூர்வமாகவே வாய்க்கிறது.

குறை சொல்லவும் இடமுண்டு. 2006இல் அடைத்த ஓட்டையொன்று, 2020இல் செய்த ஒரு திருத்தத்தின்போது தவறுதலாக மீண்டும் திறந்துகொண்டு, 2024 ஜூலையில் 9.8 வரும்வரை லினக்ஸ் சேர்வர்களில் பதுங்கியிருந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் குவாலிஸ் நிறுவனத்தார். அந்தப் பதிப்பின் அறிவிப்பு, மழுப்பலின்றி, அந்த ஓட்டையைப் பேசிற்று.

10.0 அறிவிப்பில் நான் இரண்டு தடவை படித்த வாக்கியம், எந்தப் புதுமையைப் பற்றியதும் அன்று. பதிப்பின் இலக்கம் பத்தாகிவிட்டதால், முதல் எழுத்தாக ஒன்றைக் கண்டதுமே பழைய முதலாம் பதிப்பென்று தீர்மானிக்கும் மென்பொருள்கள் குழம்பக்கூடும் என்று, வேறெவரோ அரைகுறையாக எழுதிவைத்த நிரல்களுக்காகவும் அவர்கள் ஒரு வரி எழுதியிருந்தார்கள்.